ஒரு மஞ்சப்பை தவிடு

நான் தவிட்டுக்கு வாங்கப்பட்டவள். எங்கள் வீட்டில் இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்த குழந்தை தங்கவில்லையாம். அதனால் நான் பிறந்ததும் என்னை எதிர்வீட்டு அம்மாள் கையில் கொடுத்து, "இனிமே இது உங்க புள்ள" என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன்கூட ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. நான் பால் டம்ளரைத் தட்டிவிட்டாலும் சரி, தங்கையைக் கிள்ளினாலும் சரி, "தவிட்டுக்கு வாங்கினதுதானே, வேற எப்படி இருக்கும்" என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். தங்கையை யாரும் எதைக் கொடுத்தும் வாங்கவில்லை.

ஆக, கொடுத்த பிள்ளையைத் தவிடு கொடுத்தால் திரும்ப வாங்கிவிடலாம் என்பது எனக்கு இரண்டாம் வாய்ப்பாட்டைப் போல மனப்பாடம். அந்த வாய்ப்பாட்டை நம்பித்தான் அந்த வருடம் முழுக்க ஏமாந்தேன்.

தம்பிக்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது அவனைக் கொடுத்துவிட்டு வருவதற்காக மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாடகை வேனில் கிளம்பினோம். எனக்கும் தங்கைக்கும் சொல்லப்பட்டது, கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறோம் என்பதுதான். ஏழு வயதில் அது போதுமான காரணம்.

வாங்கிக்கொள்ளப் போகிறவள் அத்தை, அப்பாவின் அக்கா. தாயில்லாமல் போன அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். அப்படிப் பாடுபட்டதில் அவள் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டபோது வயது ஏறியிருந்தது. பிள்ளை இல்லை. மாமாவுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறி வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வைத்த காபியைத் தொடாமல், "உங்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லடா" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு, இவர் ஒன்றும் அவர் ஒன்றுமாகச் சொன்னதைக் கோத்து அறிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பிக்குத் திடீரென்று புட்டிப்பால் வந்தது என்பது மட்டும்தான். பகலெல்லாம் புட்டி. அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும் அம்மா அவனைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அம்மா பை கட்டுவதில் கெட்டிக்காரி. வேனில் ஒரு வீடே ஏறியது. ஃபிளாஸ்க், கிரைப் வாட்டர், தம்பியின் துணிகள், புளிசாதம், தங்கை வாந்தி எடுத்தால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம், எடுத்த பிறகு துடைக்கப் பழைய துண்டு. இப்போது நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பும்போது பையைத் திறந்து திறந்து பார்ப்பேன். "அப்படி என்னதான் மறந்துட்ட?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கு நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை.

தங்கை திருவாரூர் தாண்டுவதற்குள் தன் கடமையைச் செய்துவிட்டாள். ரோடு நெடுக நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வேன் அதன் மேலேயே மெல்ல ஏறிப் போனது. தம்பியைக் கொஞ்ச நேரம் என் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். எப்போதும், "அப்பாடா, புடி" என்று கொடுத்துவிடுகிற அம்மா, "இன்னிக்கு வேணாம்டி" என்றாள். திருத்துறைப்பூண்டியில் டீ குடிக்க நிறுத்தியபோதும் அவள் இறங்கவில்லை.

அத்தை ஊரில் நேராக மாரியம்மன் கோயிலுக்குத்தான் போனோம். அத்தை பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக நின்றார். ஒரு முறத்தில் புதுத்துணியை விரித்து அதில் தம்பியைக் கிடத்தினார்கள். அவன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அம்மாவை முந்தானையை ஏந்தச் சொன்னார் பூசாரி. அத்தை அதில் தவிட்டைக் கொட்டினாள். கொட்டிவிட்டு, குனிந்து, முறத்தோடு தம்பியைத் தூக்கிக்கொண்டாள். அம்மா முந்தானையை ஏந்தியபடியே நின்றாள்.

எனக்கு ஒரே குஷி. இது எனக்குத் தெரிந்த விளையாட்டு. அடுத்தது நம் முறை, நாம் தவிடு கொடுப்போம், தம்பி திரும்பி வருவான், அப்புறம் பறவை. காத்துக்கொண்டிருந்தேன். தொன்னையில் பாயசம் கொடுத்தார்கள். செருப்பு மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"அம்மா, நம்ம தவிடு குடுக்கலியே" என்று புடவையை இழுத்தேன். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. "முந்தானைல இருக்குல்ல, அதையே திருப்பிக் குடுத்துட்டா என்ன?" என்று அப்பாவிடம் போனேன். என்னை எப்படியாவது வேனில் ஏற்ற வேண்டும் அவருக்கு. "அது அவங்க தவிடும்மா. அது செல்லாது. நம்ம வீட்டுத் தவிடா இருக்கணும்" என்றார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மறந்துவிட்டோம். எலுமிச்சம்பழம் வரைக்கும் எடுத்து வைத்த அம்மா தவிட்டை மறந்துவிட்டாள். எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

சொன்ன சொல் தவறாதவர் அப்பா. பறவையும் காட்டினார். உப்பளத்தைத் தாண்டித் தூரத்தில் பூநாரைகள் வெளுத்த ரோஜா நிறத்தில் நின்றன. தங்கை கொக்கு கொக்கு என்று கத்தினாள். அப்பா அவளைத் தோளில் தூக்கிக் காட்டிவிட்டு, பறவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மாவைக் கூப்பிட வேனுக்கு ஓடினேன். அவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் முந்தானைத் தவிடு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கையின் தண்ணீர் பாட்டில்தான் கொட்டிவிட்டது என்று நினைத்து, "தொடச்சிக்கம்மா" என்று அந்தப் பழைய துண்டை நீட்டினேன். அம்மா அதை வாங்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் அழுதாள். வாந்தி நாற்றத்துக்கு அழுகிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அத்தை வீட்டுக்கு யாரும் போகக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். பிள்ளைக்கு முகம் பழகிவிடும், மறக்காது என்று காரணம். எனக்கு இன்றைக்கும் அந்த மனிதர் மேல் கோபம் ஆறவில்லை. அவர் செய்ததில் பாதி சரிதான் என்று என் வயசு சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆவணியில் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அதற்கு அப்பா போகாமல் முடியாது. தாய்மாமன் மடியில் உட்கார்த்திதானே காது குத்துவார்கள்? அத்தை பிள்ளைக்கு அத்தையின் தம்பிதானே தாய்மாமன்? பெற்ற அப்பா இப்போது மாமா. சீர்வரிசைத் தட்டும் பவுன் கடுக்கனும் அவர்தான் கொண்டுபோக வேண்டும். அம்மா அந்தத் தட்டுகளை ஒரு வாரமாகத் துலக்கினாள்.

இந்தத் தடவை அம்மாவை நம்பிப் பிரயோசனமில்லை என்று நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு ரைஸ்மில். அங்கே தூற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் கல்யாண வீட்டு மஞ்சப்பை ஒன்றை நீட்டித் தவிடு கேட்டேன்.

"எதுக்கு பாப்பா, கோழிக்கா?"

"தம்பிய வாங்க."

அந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல வெலைதான். ரெண்டு கெடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பை நிறையப் போட்டுக் கொடுத்தாள். பையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்திருந்தேன். அப்போதுதானே அது எங்கள் வீட்டுத் தவிடு ஆகும்?

வேன் கிளம்பியது. வாய்க்கால்களில் தண்ணீர் வந்திருந்தது, வயலெல்லாம் பச்சை. அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பல் முளைத்திருக்குமா, நடப்பானா, அத்தை கண்ணுக்கு மை வைக்கிறாளா. அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அப்பா, "போன எடத்துல கொஞ்சம் பாத்துக்க" என்றார். "எனக்குத் தெரியும். ஒரு தடவ தூக்கிட்டுக் குடுத்துடுவேன்" என்றாள் அம்மா. நான் காலுக்கு அடியில் இருந்த மஞ்சப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தூக்கிவிட்டு ஏன் கொடுக்க வேண்டும்? கூட்டிக்கொண்டே வந்துவிடப் போகிறோமே.

அத்தை வீட்டுக் கூடத்தில் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வாழைப்பழத் தட்டுக்கும் துணித் தட்டுக்கும் நடுவில் என் பையையும் செருகிவைத்தேன். தம்பி குண்டாகியிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். யாரோ ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "மாமன் மக வந்துட்டா பாருடா, கட்டிக்கிறியா?" என்று அவனிடம் கேட்டாள். கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான் அக்கா, என்னை எப்படிக் கட்டிக்கொள்வான்? இவர்களுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

அப்பா மணையில் உட்கார்ந்தார். தம்பியை மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தியதும் அவன் வீறிட்டான். அப்பா அவன் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எங்கேயோ மேலே, மின்விசிறியைப் பார்த்தார். அத்தை ஓடிவந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மா பின்னால், தூண் ஓரமாக, ஒரு வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவள் கையில் அவனைத் தரவில்லை.

தட்டுகளை எடுத்து உள்ளே வைக்கும்போது மாமா மஞ்சப்பையைத் தூக்கிப் பிரித்தார்.

"இது என்ன, எங்க வீட்டு மாட்டுக்கும் சீரா?"

மறுபடியும் சிரிப்பு. நான் முன்னால் போய் நின்றேன். "எங்க வீட்டுத் தவிடு மாமா. போன தடவ அம்மா மறந்துட்டாங்க. தம்பிய வாங்கிட்டுப் போறோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆசாரி தன் ஊசியைத் துணியில் துடைத்தார். அப்பா மணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அத்தைதான் முதலில் நகர்ந்தாள். பெண்களை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "ஏய்" என்றார் மாமா. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "புடிம்மா" என்று இடுப்பிலிருந்த தம்பியை நீட்டினாள். அது ஒரு நிமிஷத்துக்கா, ஒரேயடியாகவா என்று அத்தைக்கே அந்த நேரம் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "வாடா தங்கம்" என்றாள்.

தம்பி அந்தக் கைகளைப் பார்த்தான். அம்மா முகத்தைப் பார்த்தான். காது குத்தியதற்குக்கூட அப்படிக் கத்தவில்லை. திரும்பி அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தாலிக்கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடைக்க அழுதான். அம்மா கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவள் விரல் முதுகில் பட்டதும் அவன் துடித்து விலகினான்.

அம்மா கைகளை மடக்கிக்கொண்டாள். "புள்ள பயப்படுறான் அண்ணி, உள்ள எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். குனிந்து தட்டை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மஞ்சப்பையை யாரோ வேனில் வைத்திருந்தார்கள். அது என் மடியில் இருந்தது. தங்கை அப்பா மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மா மாறிவிடுவாள் என்று எனக்குச் சொல்ல அந்த வேனில் யாருக்கும் தெம்பில்லை. நானாகவே எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். என்னை வாங்க ஒரு முறம் தவிடு கொடுத்திருக்கிறார்கள். நான் கொண்டுபோனது சின்னப் பை. அதிலும் வழியில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

"தவிடு பத்தலம்மா" என்றேன். "அதான் வரல. அடுத்த தடவ பெரிய பையா கொண்டு போவோம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே, "சரிடி" என்றாள்.

அடுத்த தடவைக்கு எந்தப் பையை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.