மூணாவது பாட்டுக்கு மைக்

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் ஒரு வரவேற்பு. தேசிங்கின் பேத்திக்குக் கல்யாணம். யார் தேசிங்கு என்கிறீர்களா? வருகிறேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கண் பெண் மாப்பிள்ளையிடம் போகவில்லை, மேடை ஓரத்து டிரம்ஸிடம் போனது. ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி மைக். எண்ணினேன், ஏழு! ஒரே ஒரு மைக்குக்கு அடித்துக்கொண்ட தலைமுறைக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். கச்சேரி இன்னும் தொடங்கவில்லை. கிழவன்தானே என்று யாரும் தடுக்காததால் மேடையேறி ஒரு மைக்கை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

அந்தக் காலத்து மைக்குக்கு வாசனை உண்டு. துரு, பாடகர் எச்சில், வெற்றிலை எல்லாம் கலந்த ஒரு நெடி. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நான் கிட்டார், தேசிங்கு டிரம்ஸ். பகலில் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறையில் வேலை. எனக்கு வாசிப்பதைவிடத் தலை வாருவதில்தான் அக்கறை அதிகம். தேசிங்கு அப்படியில்லை. சைடு டிரம்மில் அவன் குச்சியை உருட்டினால் தகரக் கூரைமேல் மழை பிடித்ததுபோல் இருக்கும். இருந்து என்ன? மைக்செட்காரரின் பெட்டியில் மூன்று மைக் செருகத்தான் இடம். பாடுகிற ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. மைக்குக்குள் போவதுதான் தெருத்தெருவாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வரும். கொட்டுக்கு எதற்கு மைக் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

தேசிங்குக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மீன்பிடிக்கிற குடும்பம். வலையை விட்டுவிட்டுத் தகரம் தட்டப் போனவன் என்று சொந்தக்காரர்கள் அவன் மனைவி கன்னியம்மாவின் காதுபடவே பேசுவார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம், அவள் அவன் வாசித்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த ஆடியில் குப்பத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் கச்சேரி. ஆனால் கன்னியம்மா பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. தீட்டு கழியாமல் கோயில் பக்கம் வரக்கூடாது.

"அது ஊட்லருந்தே கேக்கணும் நைனா. ஒரு குழாய எங்க ஊட்டப் பாத்துக் கட்டச் சொல்லிட்டேன். மூணாவது பாட்டு ஆரம்பத்துல நான் தனியா வாசிப்பேன், அது உனுக்குத்தான்னு சொல்லிக்கீறேன்" என்றான்.

அதற்காகவே இரண்டு பேரும் மூர் மார்க்கெட் போய், அந்த மூன்றாவது இடத்தில் செருக எங்களுக்கென்று ஒரு மைக் வாங்கினோம். எல்லோரும் மைக்கை ஊதிப் பார்ப்பார்கள், ஹலோ ஹலோ என்பார்கள். இவன் கடைக்காரரிடம் ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கி, மைக்கை அதன்மேல் பிடிக்கச் சொல்லி, பையிலிருந்த குச்சியை எடுத்துப் போட்டான் ஒரு போடு! பளபளவென்று இருந்த மைக்கெல்லாம் கரகரத்தன. கடைசியில் நெளிந்துபோன ஒரு கறுப்பு மைக் மட்டும் அடியை அடியாகவே கொடுத்தது. "டைனமிக் மைக்குப்பா, சுத்தியால அடிச்சாலும் தாங்கும்" என்றார் கடைக்காரர். ரயிலில் வரும்போது தேசிங்கு அதைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தான்.

திருவிழா அன்று சாயங்காலம் மைக் சரிபார்க்கும்போது சும்மா ஒரு தடவை அதை என் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். பாவி நான், ஏன் வைத்தேனோ! என் தந்தி ஓசை ஏரிமேல் போய்த் திரும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டு பாட்டுக்கு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்டா. மூணாவதுக்கு உனுக்கு மாத்திடுறேன்."

"மறந்துடாத நைனா" என்றான்.

மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் என் பக்கம் பார்த்துக் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். மைக் எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தேசிங்கு என்னைப் பார்த்தான். நான் குனிந்து தந்தியை முறுக்கினேன். மறுபடியும் பார்த்தான். பிறகு குச்சியை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். அப்படி ஒரு வாசிப்பை அதற்குமுன் நான் கேட்டதில்லை. முன்வரிசை தாண்டி ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

கச்சேரி முடிந்து அவன் வீட்டுக்குப் போனோம். கன்னியம்மா குழந்தையோடு வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"பாட்டு கேட்டுச்சு. தந்தி சத்தம் சோக்கா கேட்டுச்சு. உன் கொட்டு மட்டும் இன்னாயா கேக்கவே இல்ல? நீ வாசிக்கலியா?"

தேசிங்கு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "காத்து அந்தாண்ட அடிச்சிது புள்ள. அட்த்த வருசம் நேர்லயே வந்து கேளு."

அடுத்த ஆடிக்கு அவள் இல்லை. மார்கழியிலேயே மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் தேசிங்கு குச்சியைத் தொடவில்லை. குழு கலைந்தது. கறுப்பு மைக் மைக்செட்காரரோடு போயிற்று, மூர் மார்க்கெட்டும் ஒருநாள் எரிந்து போய்ச் சேர்ந்தது. சாகிறவரை என்னோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தான், ஒரே டப்பாவில் சாப்பிட்டான். அந்த மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மண்டபத்தில் கச்சேரி தொடங்கியது. தேசிங்கின் மகள், அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. முகம் அப்படியே கன்னியம்மா.

"எங்கப்பா சூப்பரா வாசிப்பாராமே மாமா? நான்தான் கேட்டதே இல்ல. எங்கம்மாவாச்சும் கேட்டுக்கீதா?"

காற்று அந்தப் பக்கம் அடித்தது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். என்னவோ, வந்தது வேறு.

"இல்லமா. மைக்க நான் எடுத்துக்கினேன்."

மேடையில் டிரம்ஸ் பையன் ஏழு மைக்கிலும் அடி பின்னிக்கொண்டிருந்தான். அவள் காதில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். "இன்னா மாமா? ஒண்ணுமே கேக்கல."

இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.