ஷஹ்லாவின் எட்டுப் பல்

ஸனவ்பார் கல்யாணத்துக்கு முன்னால் பாதாம் கொட்டையைப் பல்லாலேயே உடைத்துத் தின்றவள். தஜிகிஸ்தானின் குஜந்த் ஊர்ச் சந்தையில் அவள் அம்மா உலர்பழம் விற்ற இடத்தில் அந்தச் சத்தம் நாலு கடைக்குக் கேட்கும்.

பதினெட்டு வயதில் பெண் கேட்டு வந்தார்கள். தங்கப்பல் இல்லாத மணப்பெண் என்றால் வக்கற்ற வீட்டுப்பெண் என்று அர்த்தமாக இருந்த காலம் அது. பூச்சியரிக்காத ஆறு பல்லைப் பல் வைத்தியன் குச்சியாகத் தேய்த்து, தங்க உறை மாட்டினான். ஒரு மாதம் அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

உறைக்குள்ளே நடப்பதை யார் கண்டார்கள்? நாற்பது வயதில் வாய் நாற, புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். பிறகு செத்தும் போனான். ஐம்பதில் மூன்று பல் உறையோடு கழன்று சோற்றில் விழுந்தது. அன்றிலிருந்து ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத்தான் தின்கிறாள்.

இப்போது மகள் ஷஹ்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ஹிகாயத், பெண்ணின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"லட்சணமாத்தான் இருக்கா. முன்பல்லு மட்டும் ஏறி எறங்கி நிக்குது. இப்பல்லாம் பொண்ணுங்க வெள்ளை உறை போட்டுக்கிட்டுத்தானே வீடியோவுக்கு நிக்குதுங்க?"

"உங்க வீட்டு அடுப்புல பல்லையா வச்சு எரிக்கப் போறீங்க?" என்றாள் ஸனவ்பார்.

ஹிகாயத் சிரித்தாள். அவள் பல்லெல்லாம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி இருந்தது.

பல் டாக்டரிடம் மகளோடு ஸனவ்பாரும் போனாள்.

"தேய்க்காமப் போட முடியாதா தம்பி?"

"இவங்களுக்குக் கொஞ்சம் தேய்ச்சாத்தாம்மா உறை ஒழுங்கா உக்காரும்."

"எனக்கும் கொஞ்சம்னுதான் சொன்னான்."

மகளை ஓரமாக இழுத்துப்போய், உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். கறுத்த அடிக்கட்டை மூன்று, பக்கத்தில் மங்கிப்போன தங்கம். பெற்ற மகளிடம்கூட அதுவரை காட்டியதில்லை.

"நல்லாப் பாருடி. இதுவும் உன் பல்லு மாதிரி இருந்ததுதான்."

ஷஹ்லா பார்த்தாள். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"அது அந்தக் காலத்து வேலைம்மா. இது வேற."

"எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க."

"அவங்க வேணாம்னு போயிட்டா வேற எவன் வருவான்? எனக்கு இருபத்தேழு ஆச்சும்மா."

ஸனவ்பார் மகளை உள்ளே போக விட்டாள். புருஷன் செத்தபின் கடையைப் பார்க்க ஆளில்லை என்று, வந்த வரன்களைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான். ஐந்து வருஷம். உள்ளே தேய்க்கும் சத்தம் கேட்கக் கேட்க, வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக எண்ணினாள். எட்டு.

அடுத்த வாரமே நிக்காஹ். முல்லா ஓதிக்கொடுத்த கிண்ணத்துத் தண்ணீரை மாப்பிள்ளை குடித்துவிட்டுப் பெண்ணிடம் நீட்டினான். நவம்பர்க் குளிரில் குழாயில் பிடித்த தண்ணீர். ஒரு மிடறு தேய்த்த பல்லில் பட்டதும் ஷஹ்லாவின் தோள் உதறியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பொறந்த வீட்டை நெனச்சு அழுவுறா, பாவம்" என்றாள் ஒருத்தி.

"மிச்சம் வைக்கக் கூடாதும்மா, முழுசாக் குடி" என்றாள் ஹிகாயத். "வீடியோக்காரரு பாக்குறாரு, சிரி."

கிண்ணத்துக்கு மேலாக ஷஹ்லா அம்மாவைப் பார்த்தாள். 'போதும், வை' என்று ஒரு வார்த்தை சொல்ல ஸனவ்பாருக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அத்தனை பேர் முன்னால் அது வெளியே வரவில்லை.

மகள் எட்டுப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டு, மீதியையும் குடித்தாள்.