சபாக்கில் எங்களுக்கு ஒரு வீடு

எண்பதுகளில் சபாக் பட்டணத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு கல்வீடு இருந்தது. அதில் நாங்கள்தான் இல்லை. ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. ஏழு வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது சுங்கை ஆயர் தாவார் பக்கம், தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கான வரிசை வீடு ஒன்றில். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினார். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை ஓய்ந்தால் சாவியைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் அப்பா வீடு தேடினார். தேடினார் என்றால் சும்மா இல்லை. சபாக் வீட்டு வரிசைகளில் என்ன வாடகை போகிறது, எந்த வீடு ஆளில்லாமல் கிடக்கிறது, அடைமழைக்குத் தண்ணீர் ஏறுமா என்று மளிகைக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் உட்கார்ந்து விசாரித்தார். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் வாடகைக்கு வாத்தியார்மார் வந்துகொண்டே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். முன்பணத்துக்கு அம்மாவின் வளையல்கள் போயின. மீதிக்குப் பேங்குக் கடன். வாடகை வந்தால்தான் மாதத் தவணை. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் அப்பாவின் சம்பளம் தாங்காது.

இதையெல்லாம் அப்போது என்னிடம் யார் சொன்னார்கள்?

ஒருமுறை அப்பா வாடகை வாங்கப் போனபோது அம்மாவும் நானும் கூடப் போனோம். வாத்தியார் மனைவி எல்லாருக்கும் சீராப், அந்தச் சிவப்புச் சர்பத், கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். ஓர் அறை முழுக்க வாத்தியார் மகள் பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

“எடு எல்லாத்தையும். இது எங்க வீடு லா. நாங்க சீக்கிரம் வந்துருவோம், இதான் என் ரூம்.”

அவள் அழுதுகொண்டே கூடத்துக்கு ஓடிப்போய் ஒப்பித்துவிட்டாள்.

“என்னாண்ணே, வீடு ஒங்களுக்கு வேணுமா?” என்றார் வாத்தியார். “முன்னாடியே சொல்லிருங்க. பின்வரிசையில ஒண்ணு காலியாத்தான் இருக்கு, நாங்க மாறிக்கிறோம்.”

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மாதான் சிரித்தாள்.

“அட, நீங்க வேற சார்! சின்னப்புள்ள பேச்சப் போயி... எங்களுக்கென்ன, தோட்டத்துல வீடு இருக்கு, காத்து இருக்கு. இந்த டவுன் சத்தத்துல எனக்குத் தூக்கம் வருமா?”

“தோட்டத்து வீடு மழ பேஞ்சா ஒழுகுதேம்மா!” என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் நான் துள்ளிவிட்டேன். அதைப் பார்த்து வாத்தியார் மனைவி சிரிக்க, வாத்தியாரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. பஸ் ஸ்டாண்டில், சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கூட வாங்கிக் கொடுத்தார். அவருக்கு என்ன அத்தனை சந்தோஷம் என்று விளங்காவிட்டாலும் ஒரு துளி விடாமல் தின்று முடித்தேன்.

பஸ்ஸில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். “ஏம்மா, அவங்க எப்பத்தான் நம்ம வீட்ட விட்டுப் போவாங்க?”

“வாய மூடுடி. அவங்க இருந்தாத்தான் அது நம்ம வீடு.”

இவ்வளவு சின்ன விஷயம்கூட அம்மாவுக்குப் புரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.