மச்சான் மறித்து நின்ற வழி

கண் திறந்தபோது வானம் மட்டும் தெரிந்தது. கப்பலின் மேல்தளத்து இரும்பு முதுகைச் சுட்டது. என் மனைவியின் அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு என் கையைப் பிடித்திருந்தார். போன வருடம் காலமான அந்த மச்சானை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

போடியிலிருந்து என்னைக் கடல் வேலைக்கு அழைத்துப்போனவர் அவர். அந்தச் சரக்குக் கப்பலில் அவர்தான் போசன். மேல்தள வேலையாட்கள் எல்லோருக்கும் தலைவர். கண்டிப்பானவர். தலைக்கவசம் இல்லாமல் எதிரே வருபவனிடம் பேச மாட்டார். மீட்புப் பயிற்சி என்று மூச்சுக்கருவியை மாட்டி வெயிலில் நிறுத்துவார், நாங்கள் முணுமுணுப்போம். அதே மனிதர் சாயங்காலம் தேநீரில் ஊர் ஏலக்காயை நசுக்கிப் போட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் தொங்கிப்போன கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தச் சாயங்காலங்களுக்காகவே எனக்குக் கப்பல் பிடித்திருந்தது.

கடல்நீர் நிரப்பும் அடித்தொட்டி ஒன்றைத் துப்புரவு செய்ய ஒருநாள் இறங்கினேன். காற்றைச் சோதித்துத்தான் இறக்கினார்கள். ஆனால் அடிமூலையில் இருந்த ஆக்சிஜனைத் துரு தின்று தீர்த்திருந்தது. அங்கே போனதும் விழுந்துவிட்டேன். வாசலில் காவல் நின்றவன் கத்த, என் அறைத்தோழன் ஓடிவந்து அப்படியே இறங்கப் பார்த்தான். மச்சான் திறப்பின் குறுக்கே நின்றுகொண்டார்.

“உள்ள கெடக்கறது உங்க மாப்ளண்ணே” என்று அவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தானாம்.

“தெரியும். மூச்சு செட்டு மாட்டாம ஒருத்தனும் எறங்கக் கூடாது.”

கருவி மாட்டிய இருவர் வரும்வரை அவர் நகரவில்லை. அவர்கள்தான் என்னைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள்.

அறைத்தோழன் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிலமலைக்காரன். விடுமுறையில் வந்தவன் நடந்ததை என் மனைவியிடம் சொல்லிவிட்டான். காப்பாற்ற வந்தவனைத் தடுத்த அண்ணன் என்பது மட்டும்தான் அவள் மனதில் தங்கியது. ஓடிவந்தவன் இறங்கியிருந்தால் அவனும் என் பக்கத்திலேயே விழுந்திருப்பான் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் அவருடன் பேசுவதை நிறுத்தினாள். அவரும் வீட்டுப்பக்கம் வருவதில்லை. போடி பஸ்டாண்டில் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு, தங்கை நலமா என்று கேட்டுப் போய்விடுவார்.

சில வருடங்கள் கழித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியிருக்கிறார். புகை உள்ளேயே தங்கிவிட, மயங்கி விழுந்தார். அவர் மகன் படியில் இறங்கத் தொடங்கினான். அப்போது வயலிலிருந்து ஓடியவள் என் மனைவி. அவனை இழுத்து வெளியே தள்ளி, கிணற்றுப் படியின் தலைப்பில் உட்கார்ந்துகொண்டாள். அவன் அழுதான், வாய்க்கு வந்தபடி ஏசினான். போடியிலிருந்து தீயணைப்பு வண்டி வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. தகப்பனைக் காப்பாற்ற முடியவில்லை. மகன் பிழைத்தான்.

கப்பலை விட்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நான் அன்று மலையிலிருந்து இறங்கி வீடு சேர்ந்தபோது, அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள்.

“அண்ணே, அன்னிக்கு மறிச்சு நின்னப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சு?”

ஸ்பீக்கரில் மச்சானின் குரல் வந்தது.

“செத்துப் பொழச்சேன் ஆத்தா.”

“நானுந்தாண்ணே” என்றாள். போனை நான்தான் வாங்கி வைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்சிலேயே மச்சான் வந்து இறங்கினார்.