காலியாக இருந்த கட்டங்கள்

முத்தியால்பேட்டை அரசு வாசகசாலைக்கு நான் போவதே பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் போடத்தான். ஒரு வாரமாக எனக்கு முன்பே யாரோ கட்டங்களை நிரப்பியிருந்தார்கள். அன்று பொறுமை போய்விட்டது.

"கவர்மென்ட் பேப்பர்ல கிறுக்குறது யாரு?" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினேன்.

நூலகர் அம்மா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேலேர்ந்து பணம் வரலன்னு பேப்பரை நிறுத்திட்டாங்க சார். இது பாய் வீட்டு பேப்பரு. படிச்சுட்டு நமக்காகக் கொண்டாந்து போடுறாரு."

எதிரே உட்கார்ந்திருந்த தையல்கடை பாய் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாம எழுதிட்டேன் தம்பி. நாளையிலேர்ந்து எழுத மாட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்த வார்த்தை கடைசிவரை என் வாயில் வரவில்லை.

மறுநாள் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. பேனாவைத் திறக்கவே கை கூசியது.