செக்கர் வீட்டுச் சாப்பாடு

என் பெண்டாட்டி பஸ்ஸுல டிக்கெட் செக்கர். இருபது வருஷமா யாரையும் நம்பாம இருக்கறதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். எவனாவது சும்மா ஜன்னல் பக்கம் திரும்பினாக்கூட "டிக்கெட்?"னு போய் நிப்பா. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணு ஓயாது.

நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டறவன். வருஷ மெடிக்கல்ல சர்க்கரை ஏறியிருக்குன்னு மூணு மாசம் தவணை குடுத்தாங்க. இறங்கலைன்னா என்னைக் கிரேனை விட்டு இறக்கிடுவாங்க.

அன்னிக்கே சமையல்கட்டு செக்கர் கைக்குப் போயிடுச்சு. சர்க்கரை டப்பா, பிஸ்கட், பொரிச்சது எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போச்சு. எனக்குக் கீரை, வேகவச்ச பயறு, வெள்ளரிக்காய். நானும் வாயைக் கட்டினேன், சத்தியமா. அவ நம்பணுமே.

வேலை விட்டு வந்ததும் சட்டைப் பையைத் தலைகீழா உதறுவா. விரலை மோந்து பாப்பா. "டிபன் பெட்டி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு? யாருக்குக் குடுத்தீங்க?" மிச்சம் வச்சா, "வெளியில தின்னுட்டு வந்தீங்களா?" ஒரு நாள் கேன்டீன்காரருக்கே போன் போட்டுட்டா. அவரு, உங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வர்றதில்லைம்மான்னதுக்கு, "நீங்களும் கூட்டா?"ன்னு கேட்டிருக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கேன்டீன்ல எல்லாரும் சிரிக்கறாங்க.

காலையும் சாயங்காலமும் மட்டும் கொஞ்சம் இளகுவா. ஒரு பெரிய டம்ளர் நிறைய வெந்நீர் கொண்டு வந்து குடுத்து, குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல நிப்பா. அந்த நாள்ல எனக்கு நிம்மதின்னா அந்த டம்ளர்தான்.

மூணு மாசம் கழிச்சு துறைமுக ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. அவளும் கூடவே வந்திருந்தா. சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்துச்சு.

"எங்க தின்னீங்க?" நர்ஸ் முன்னாடியே கேட்டா. "கேன்டீனா? கூட்டாளி வீடா? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

"உன்மேல ஆணையா ஒண்ணும் தின்னலடி."

நர்ஸ் அவ பக்கம் திரும்பினாங்க. "காலையில இருந்து என்னென்ன குடுக்கறீங்கன்னு சொல்லுங்கம்மா."

அவ நிமிந்து உக்காந்து ஒப்பிச்சா. கீரை, பயறு, காய். "சர்க்கரையை வீட்டுக்குள்ளயே விடறதில்ல. பாவம், நாக்குச் செத்துக் கிடக்காரேன்னு வெந்நீர்ல தேன் மட்டும். வேளைக்கு நாலு ஸ்பூன். தேன் மருந்தாச்சே."

நர்ஸ் பேனாவைக் கீழ வச்சாங்க. "அதுவும் சர்க்கரைதான்மா."

நானும் அதை மருந்துன்னு நினைச்சுத்தானே குடிச்சேன்.

மறுநாள்ல இருந்து எனக்குக் கிடங்குல சீட்டு எழுதற வேலைன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு மூணு மாசம். வெளிய வரும்போது துறைமுகம் தெரிஞ்சுது. என் கிரேன்ல வேற எவனோ ஏறிக்கிட்டு இருந்தான். அதை அவளும் பாத்தா. மூணு மாசமா எனக்குள்ள சேந்த வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவ மூஞ்சியைப் பாத்ததும் முழுங்கிட்டேன்.

மறுநாள் காலையில டிபன் பெட்டியை மூடாமலே என் முன்னாடி வச்சா.

"பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் ஒவ்வொரு அடுக்கா வெளிய எடுத்துப் பாத்தேன். அது வரைக்கும் அவ டிக்கெட்டைத் தொலைச்ச பயணி மாதிரி கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா.