ஒன்பதாவது பூச்சு

யூலாலிக்கு யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட அவள் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "யாரு உன்னை அனுப்பினது?"

கரீபியக் கடலில் இருக்கும் கரியாகூ தீவின் மேற்குக் கரையில், ஒரு சின்ன வளைகுடாவில், இருபத்திரண்டு வருஷம் பார் நடத்தியவள் அவள். பலகைச் சுவர், தகரக் கூரை, மணலில் நாலு பெஞ்சு. ஐஸ் கட்டியைப் போட்டால் மிதக்காமல் அடியில் போய் உட்காரும் அளவுக்குக் காட்டமான ரம். பொரித்த மீன் தினமும், சங்குக்கறி சனிக்கிழமை மட்டும். வாசலுக்கு மேலே, படகு கட்டி மிஞ்சிய தடித்த தேவதாருப் பலகையில் 'அவசரமில்லை' என்று பெயர். கேட்ட மீன் தட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்காக ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. எங்கள் தீவில் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசி முடித்தது அந்த பெஞ்சுகளில்தான். போய்ச் சேர்ந்தவர்களுக்காக முதல் சொட்டு ரம்மை மணலில் ஊற்றிவிட்டுக் குடிப்பது எங்கள் வழக்கம். அப்படி ஊற்றி ஊற்றி அந்த மணலுக்கே போதை ஏறியிருக்கும் என்று கிண்டல் செய்வார்கள்.

கடையை எல்லோருக்கும் பிடிக்கும். கடைக்காரிதான் யாரையும் நம்ப மாட்டாள். டாமினோ ஆடுகிறவர்களின் கட்டையைத் திருப்பிப் பார்ப்பாள். படகில் வந்து இறங்கும் வெள்ளைக்காரன் "என்ன அழகான இடம்!" என்று சொன்னால் போதும், அவன் இடத்தை அளக்க வந்தவன் என்று முடிவுகட்டி, அவன் காலடியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் பிறவிக் குணமில்லை. அவளுடைய அப்பா ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். மறுமாதம் அவருடைய பாய்க்கப்பல் வேறொருவர் பேரில் கடலில் போனது. துறையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து தாள் என்றால் அவளுக்குப் பாம்பு. தபால்காரர் நீட்டும் நோட்டில்கூடக் கையெழுத்துப் போட மாட்டாள். மதுக்கடை லைசென்ஸைத் தன் பேரில் எடுத்தால் அரசாங்கத்துக்குத் தன் பேர் தெரிந்துவிடும் என்று, புரூக்ளினில் செத்துப்போன தன் சித்தி பேரில் எடுத்து வைத்திருந்தாள். குமாஸ்தாவுக்கும் அது தெரியும். அவர் வருஷா வருஷம் செத்தவளைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

கடை நின்ற மண் அவளுடையது இல்லை. எப்போதோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஒரு குடும்பத்தின் மண். அவர்கள் திரும்பி வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. யாருடைய அனுமதியும் இல்லாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, ஒருத்தர் ஒரு நிலத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால், கோர்ட்டில் போய்ச் சொல்லித் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். இது எங்கள் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

"எழுதி வாங்கிக்கோ, லாலி. இருபது வருஷம் ஆச்சு" என்று சங்கு எடுக்க முக்குளிக்கும் பாப்டிஸ்ட் எத்தனையோ தடவை சொன்னான்.

"எழுதப் போனா, தூங்கறவன் முழிச்சுப்பான்" என்பாள். "ஆமா, உனக்கு என்ன இதுல இவ்வளவு அக்கறை? யாரு உன்னை அனுப்பினது?"

"என் தாகம் அனுப்பிச்சது. ஊத்து."

இவ்வளவு உஷாரானவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அது பெயிண்ட்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தீவில் எந்த பாருக்கும் அதன் சொந்தக்காரர் காசு போட்டு வண்ணம் அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆகஸ்டில் படகுப் பந்தயம் வரும். அதற்கு முன்னால் பீர் கம்பெனிக்காரன் வந்து சிவப்பு அடித்துக் கொடுப்பான். இன்னொரு முறை போன் கம்பெனிக்காரன் வந்து பச்சை அடிப்பான். அப்புறம் மாவு மில்காரன் மஞ்சள். கம்பெனிக்கு விளம்பரம், கடைக்குப் புதுச் சட்டை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி வந்தாலும் பிரஷ் பிடிக்கிறவன் மட்டும் ஒரே ஆள், காஸ்மஸ். மான்சினீல் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினால் தோல் கொப்புளித்துவிடும் என்று, வெளியூர்க்காரர்களுக்கு எச்சரிக்கையாக மரத்துக்கு மரம் சிவப்புப் பட்டை போட்டு வைத்திருப்பவனும் அவன்தான். வேலைக்கு வந்தால் முதலில் பெயர்ப் பலகையைக் கழற்றிப் பின்பக்கம் கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்து எழுதுவான், பிறகு கொண்டுவந்து அடிப்பான். ஒரு சூறாவளி கூரையையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போனபோது, சதுப்புக் காட்டுக்குள் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பலகையைத் தேடி எடுத்து வந்தவனும் அவனே.

ஒரு ஜூலை மாதம், கிறிஸ்லின் என்று ஒரு பெண் ஜீப்பில் வந்தாள். பக்கத்துப் பெரிய தீவுக்காரி. பின்னால் பத்து டப்பா பெயிண்ட்.

"டான்டி, பந்தயத்துக்கு முன்னாடி உங்க கடைக்கு வண்ணம் அடிச்சுக் கொடுக்கலாம்னு வந்தேன்" என்றாள். டான்டி என்றால் எங்களுக்கு அத்தை. முன்பின் தெரியாதவள் டான்டி என்று குழைந்ததும் யூலாலிக்கு மூக்கு வியர்த்தது.

"எங்கே கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தெல்லாம் எதுக்கு டான்டி? ஒண்ணும் வேண்டாம்."

அங்கேதான் விழுந்தாள். தாள் இல்லை என்றதும் அவளுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். தண்ணீர் கலக்காத நல்ல சரக்கு. பின்பக்கக் கழிப்பறைக்கும் சேர்த்து இன்னும் ரெண்டு டப்பா வேண்டும் என்று பேரம் பேசினாள். அந்தப் பெண் கொடுத்துவிட்டாள். கம்பெனிக்காரியையே ஏய்த்துவிட்டோம் என்று யூலாலிக்கு அன்று முழுக்கத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் காஸ்மஸ் வந்தான். நீலப் பச்சை. பெயருக்குக் கீழே மூலையில் வெள்ளையில் சின்னதாக ஒரு கூழைக்கடா. அதற்கு அந்தப் பெண் தகட்டு அச்சு வெட்டிக் கொடுத்திருந்தாள்.

"இது யாரோட பறவை, லாலி? பீர்காரன்கிட்ட இப்படி ஒண்ணு கிடையாதே" என்றான்.

"புதுசா மாத்தியிருப்பான்."

"யாரு காசு கொடுக்கறாங்கன்னு கேட்டியா?"

"சும்மா வர்ற பெயிண்ட்டுக்கு ஜாதகமா பார்க்கறது? நீ பிரஷ்ஷைப் பிடி. மத்தவங்க பொழப்பை நோண்டாதே."

உலகத்தில் எல்லோரையும் கேள்வி கேட்டவள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை வேறொருவன் கேட்டபோது அவன் வாயை அடைத்தாள். சொன்னால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எல்லாம் முடிந்ததும் கிறிஸ்லின் வந்து போட்டோ எடுத்தாள். "ஒரு கிளாஸைத் தூக்கிப் பிடிங்க டான்டி, ஆங், அப்படித்தான்!" ரெண்டு டப்பா கூடுதலாகக் கறந்த சந்தோஷத்தில் யூலாலி வாய் நிறையச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்த போட்டோ வேறு எதுவும் கிடையாது.

பந்தயம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. வளைகுடாவின் இரு முனையிலும் கேட் முளைத்தது. கேட் நீலப் பச்சை. நடுவில் வெள்ளைக் கூழைக்கடா. இங்கிலாந்தில் இருந்த அந்தக் குடும்பத்துப் பேரன் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டான், ஓட்டலும் படகுத்துறையும் வரப்போகின்றன, கடையைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தது. அந்தத் தாளையும் அவள் கையால் தொடவில்லை. பாப்டிஸ்ட் படித்துச் சொன்னான்.

வேறு வழியில்லாமல் வக்கீலிடம் போனாள். "பன்னிரண்டு வருஷம்னு நிரூபிச்சா போதும், யூலாலி. லைசென்ஸ் கொண்டு வாங்க" என்றார் அவர். கொண்டு வந்தாள். சித்தி பேர். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "சரி, வருஷம் தவறாமல் சொல்லக்கூடிய சாட்சி யாராவது?"

அந்த வாரமே காஸ்மஸ் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"கோர்ட்டுக்கு நான் வர்றேன், லாலி. எந்த வருஷம் எந்தக் கலர்னு எனக்குத் தெரியும். எழுதியே வெச்சிருக்கேன்."

எழுதி என்ற வார்த்தை அவள் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"என்ன எழுதினே? யாருக்கு எழுதிக் கொடுத்தே? அந்தப் பறவையைப் போட்டவன் நீதானே! யாரு உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"எனக்கே காது குத்தறியா? அவங்க கேட்டுக்கு வண்ணம் அடிச்சது யாரு?"

"நான்தான். தீவுல வேற பெயிண்டர் யாரு இருக்கா?"

"அப்ப போ. அங்கேயே போய் அடி."

அவன் பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு மணலில் நடந்து போனான். அதற்குப் பிறகு அவன் கடைப் பக்கம் வரவில்லை.

கோர்ட்டில் யூலாலிக்காகப் பாப்டிஸ்ட் கூண்டில் ஏறினான். கடை எந்த வருஷம் ஆரம்பித்தது என்று கேட்டார்கள்.

"என் மூத்த பொண்ணு பொறந்த வருஷம், ஐயா. இல்ல, இருங்க, ரெண்டாவது பொண்ணு."

"எந்தப் பெண் என்று முடிவு செய்துவிட்டு வரட்டும்" என்றார் கம்பெனி வக்கீல். கோர்ட்டே சிரித்தது. இன்னொரு மீனவர் முப்பது வருஷம் என்றார், அவருடைய மைத்துனரே பத்து என்றார். கடை பத்து வருஷத்துக்கு முந்தின சூறாவளிக்குப் பிறகு வந்ததுதான், அதுவும் தங்கள் அனுமதியில் நடப்பது என்று கம்பெனிக்காரர்கள் சாதித்தார்கள். அப்புறம் அந்த போட்டோ வந்தது. நீலப் பச்சைச் சுவர், வெள்ளைப் பறவை, கீழே கிளாஸைத் தூக்கிப் பிடித்து வாய் நிறையச் சிரிக்கும் யூலாலி.

"உங்களைக் கட்டாயப்படுத்தி அடித்தார்களா?"

"இல்லை."

"நீங்களே ரெண்டு டப்பா கூடுதலாகக் கேட்டீர்களாமே?"

அவள் கிறிஸ்லினைத் தேடிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். ஆத்திரத்தைவிட வெட்கம்தான் யூலாலியைப் பிடுங்கித் தின்றது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவள், கடை முழுக்கப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

கம்பெனி பக்கம் தீர்ப்பான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடிக்கிற இயந்திரம் வந்தது. பெஞ்சுகளையும் ஐஸ் பெட்டியையும் பாப்டிஸ்ட்டும் மற்றவர்களும் முந்தின நாளே எடுத்து வைத்திருந்தார்கள். இடித்து முடிக்கக் கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. வண்டியோட்டி எங்கள் தீவுப் பையன்தான். பாதியில் இறங்கி வந்தான்.

"டான்டி, இந்தப் பலகை உடையாம விழுந்துச்சு. வேணுமா?"

வாங்கிக்கொண்டாள். குப்புறக் கிடந்ததை அப்படியே நீட்டியிருந்தான். இருபத்திரண்டு வருஷம் சுவரைப் பார்த்தபடி இருந்த அதன் முதுகை அவள் அன்றுதான் பார்க்கிறாள். ஆணி முனையால் ஆழமாகக் கீறி, மேலிருந்து கீழாக ஒன்பது வரி. ஒவ்வொன்றிலும் வருஷம், வண்ணம், யாருக்காக அடித்தது என்ற விவரம், காஸ்மஸ் என்ற பெயர். முதல் வரியில் சிவப்பு, பீர் கம்பெனி, கடை திறந்த நாள் தேதியோடு. நாலாவது வரிக்குப் பக்கத்தில், "சூறாவளி, சதுப்பில் கிடைத்தது, திரும்ப அடித்தேன்." கடைசி வரி மட்டும் நீளம்: "நீலப் பச்சை. பறவை. யாருக்காக என்று தெரியாது. கேட்டேன். லாலி சொல்லவில்லை."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கோர்ட் கேட்ட சாட்சி அவள் தலைக்கு மேலேயே ஆணியில் தொங்கியிருக்கிறது. அதைக் காட்டத்தான் அவன் வாசலில் வந்து நின்றிருக்கிறான். வளைகுடாவைப் பறித்தது கம்பெனிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற வந்த ஒரே ஆளை விரட்டியது தான்தான் என்று அவளுக்குப் பட்டது. வாய்விட்டு அழுதாள். வண்டியோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுது முடித்ததும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டில் இருக்கும் காஸ்மஸ் வீட்டுக்கு நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் வீட்டுக்கு அவள் போனதே இல்லை. அவன் முற்றத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், தலையில் இருந்த பலகையைப் பார்த்தான். எழுந்து வந்தான், ஆனால் படலைத் திறக்கவில்லை.

"யாரு உன்னை அனுப்பினது, லாலி?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரும் அனுப்பல, காஸ். நானாத்தான் வந்தேன்" என்றாள்.

அன்றைக்கு அவனும் இதையேதான் சொன்னான். அவள் நம்பவில்லை.